குரலை எடுத்தேன், வாயை மறந்தேன்

போன வாரம் நீங்க மூணு பேரும் ஆப்பிள் பையோட படியேறினப்பவே எனக்குச் சந்தேகம். நம்ம பொம்மைக் காட்சிப் பார்க்குல இருந்து யாரும் சும்மா ஒரு கிழவனைப் பார்க்க வரமாட்டாங்க. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டீங்க, மாத்திரை எத்தனை வேளைன்னு கேட்டீங்க, அப்புறம் மெதுவா விஷயத்துக்கு வந்தீங்க. களத்துமேட்டுக் காட்சியில நெல் குவியல் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பெரியவர் பொம்மைக்குப் புதுசாக் குரல் வேணும். அதுக்கு என் குரலைக் கொடுக்கணும். முடிஞ்சா முகத்தையும் அச்சு எடுத்துக்கணும். "இருபத்தாறு வருஷம் அந்த ஹாலைப் பார்த்துக்கிட்டவரு நீங்க, உங்க குரல் அங்க இருக்கணும் சார்"னு ஒருத்தர் சொன்னப்போ எனக்குக் கொஞ்சம் குளுகுளுன்னுதான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது.

ஒரு வாரம் டைம் கேட்டேன். அவ்வளவு யோசிக்க என்ன இருக்குன்னு நினைச்சிருப்பீங்க. குரல் இப்பவே பாதி போச்சு. இந்த நடுக்குவாத நோய்ல கை நடுக்கம்தான் ஊருக்குத் தெரியும், குரல் சுருங்குறது வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த பொங்கலுக்கு இந்த அளவு இருக்குமான்னு கேட்டதுக்கு டாக்டர் பேனாவை மூடி வச்சார். கொடுக்கிறதா இருந்தா இப்பவே கொடுக்கணும். ஆனா அந்தப் பெரியவரோட பழைய குரலால என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. அதைக் கேட்டுட்டு அப்புறம் மைக்கைத் தூக்கிட்டு வாங்க.

முதல்ல என் நிலைமையைச் சொல்லிடறேன். கெஞ்சுறதுக்குச் சொல்லல, தொழில் சம்பந்தமா இருக்கு. நீங்க புதுசா வேலைக்குச் சேர்ந்தப்போ உங்களுக்கு நான் என்ன சொன்னேன்? பொம்மை கண் சிமிட்டலைன்னா குழந்தைங்க அழும், அதனால காலையில ஹாலைத் திறந்ததும் முதல்ல இமையைப் பாருங்கன்னு சொன்னேன். இப்போ எனக்கே இமை சரியா அடிக்கிறதில்ல. சிங்கப்பூர்ல இருக்கிற மகன் வீடியோவுல கூப்பிட்டான். நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், சிரிக்கக்கூடச் செஞ்சேன். பேத்தி திரும்பி அவங்கப்பாகிட்ட, "நெட் நின்னுடுச்சுப்பா, தாத்தா அசையவே இல்ல"ங்கிறா. அவன் கட் பண்ணிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் அதே முகம்.

வாசப்படி தாண்டும்போது கால் தரையில ஒட்டிக்கும். மூளை போன்னு சொல்லும், கால் கேட்காது. அப்போ என் வீட்டுக்காரி வந்து முன்னாடி தன் காலை வச்சுக் காட்டுவா, அதைத் தாண்டுறதா நினைச்சு நான் அடியெடுத்து வைப்பேன். பொம்மையைக் காத்தழுத்தத்துல ஆட்டுற சிலிண்டர் ரொம்ப நாள் ஓடலைன்னா இப்படித்தானே பிடிச்சுக்கும், நாம விரலால லேசாத் தட்டுவோமே, தட்டினதும் விசுக்குன்னு கிளம்புமே. முதல் தடவை அப்படிக் கிளம்பினப்போ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. இது எனக்குத் தெரிஞ்ச அசைவு. இருபத்தாறு வருஷம் எதிர்ல நின்னு பார்த்த அசைவு.

இருந்தாலும் பயந்துக்கிட்டு வீட்டுல உட்காரல, அதையும் சொல்லணும். மாசத்துக்கு ரெண்டு தடவை மத்தியானக் காட்சிக்கு வர்றேன், கேட்ல இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. எனக்கு அந்த ஷோ இன்னும் அலுக்கல. தஞ்சாவூர்ன்னதும் தலையாட்டி பொம்மைன்னு ஆரம்பிக்கிறவங்களை விடுங்க, அது காத்தடிச்சாலும் ஆடும். நம்ம களத்துமேட்டுல பதினோரு பேர் இருக்காங்க, அசையுறதுக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கு. தூத்துறவ முறத்தைத் தூக்குறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம்னு ஒரு தடவை பார்ப்பா. மரக்காலால அளக்கிறவன் மூணாவது மரக்கால்ல கொஞ்சம் தயங்குவான். கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பார்க்கிற புதுக் காட்சியில மலையே இடிஞ்சு மேல விழுது, விழட்டும், நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க யாரும் இல்ல. நம்ம ஹால்ல பொம்மை உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கு. அது கையைத் தூக்கினா அந்தக் கைக்கு எடை இருக்கு. எனக்கு முன்னாடி அந்த ஹாலைப் பார்த்த மனுஷர், எங்க ஊர் மாதா கோயில் கிறிஸ்துமஸ் குடில்ல பழைய வைப்பர் மோட்டார் வச்சு ஆட்டுக்குட்டி தலையை ஆட வச்ச என்னைப் பார்த்துட்டுத்தான் வேலைக்குக் கூப்பிட்டார். அவர் முதல் நாளே சொன்னது, "ஆட வைக்க எவனாலயும் முடியும், எப்படி நிக்குதுன்னு பாரு"ன்னுதான். கையைத் தூக்கி, நிறுத்தி, அப்புறம் லேசா ஒரு மயிரிழை கீழ இறங்கணும். அந்த மயிரிழையிலதான் உயிர் இருக்கு.

இப்போ அந்தக் குரல் விஷயம்.

பெரியவருக்குக் குரல் கொடுத்தது திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருத்தர். குத்தகை நிலம் வச்சு நெல் போட்டவர். ஒரு வயல்ல இருந்து கூப்பிட்டா நாலு வயல் தாண்டிக் கேட்கும், அப்படி ஒரு குரல். பார்க்குல பின்பக்க ரூம்ல சுவர் பூரா மெத்தையைச் சாத்தி வச்சுத்தான் பதிவு பண்ணினோம். எழுதிக் கொடுத்த வசனம், "லட்சுமி, யாரு வந்திருக்காங்க பாரு"ங்கிறது. இதைச் சொல்லிட்டுப் பெரியவர் வலது பக்கம் தலையைத் திருப்பணும், அந்தப் பக்கத்துல இருந்து கஞ்சிப் பானையோட சம்சாரம் பொம்மை வரும். இவர் என்ன பண்ணினார்னா, "தையலு, யாரு வந்திருக்காங்க பாரு"ன்னார். நிறுத்தி, லட்சுமிங்க ஐயான்னோம். சரி சரின்னார். மறுபடி தையலு. நாலு தடவை அப்படியே வந்துச்சு. அவர் சம்சாரம் பேரு தையல்நாயகி. "நாப்பது வருஷமா வாயில கிடக்கிறதுதானே தம்பி வரும்"னு சிரிச்சார். அந்த நாலாவதுதான் ரொம்ப இயல்பா இருந்துச்சு, அப்படியே வச்சுக்கிட்டோம். நல்ல முடிவு எடுத்ததா நினைச்சு டீ வாங்கிக் குடிச்சோம்.

ஏழெட்டு வருஷம் கழிச்சு அவர் காலமாயிட்டார். நமக்குச் செய்தி வரல. ஒரு திங்கக்கிழமை, கூட்டமே இல்லாத காலைக் காட்சி. மூணாவது வரிசையில வலது ஓரமா ஒரு அம்மா தனியா உட்கார்ந்திருந்தாங்க. நான் பக்கவாட்டுல நின்னு ஒரு காத்துக் கசிவைப் பார்த்துக்கிட்டிருந்தேன். பெரியவர், "தையலு, யாரு வந்திருக்காங்க பாரு"ன்னு தலையைத் திருப்பினார். அந்தத் தலை திரும்பி நிக்கிற இடம் அந்த மூணாவது வரிசை ஓரத்து நாற்காலி. வருஷக்கணக்கா நான் அதைக் கவனிச்சதே இல்ல. இருட்டுல இருந்து, வீட்டுல பேசுற குரல்ல, "இதோ வரேங்க"ன்னு பதில் வந்துச்சு.

கையில இருந்த ஸ்பேனரைக் கீழ போட்டுட்டேன். காட்சி முடிஞ்சு லைட்டு போட்டதும் போய்ப் பேசினேன். அந்தம்மா கூச்சப்படவே இல்ல. "எங்க வீட்டுக்காரரு தம்பி. போயி மூணு மாசம் ஆச்சு"ன்னாங்க. அடுத்த காட்சிக்கும் உட்கார்ந்தாங்க. அன்னைக்கு ஆறு காட்சி. ஆறு தடவை அவர் கூப்பிட்டார், ஆறு தடவையும் இவங்க இதோ வரேங்கன்னாங்க. மறுநாளும் வந்தாங்க. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை தவிர தினம் வந்தாங்க. மத்த ஜனம் முதல்ல சிரிச்சுது, அப்புறம் அந்த வரிசையில யாரும் உட்காரல. நானும் அந்த நேரம் வந்தா ஹாலுக்குள்ள போகாம வெளியில கம்ப்ரசர் பக்கம் நிக்க ஆரம்பிச்சேன். அங்கயும் அந்தப் பதில் கேட்கும்.

ஒரு மாசம் கழிச்சு அவங்க மகன் வந்தார். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்துச்சு. "அம்மா வீட்டுல சாப்பிடுறதில்ல சார். காலையில பஸ்ஸைப் பிடிக்கிறதுதான் குறி. நேத்து வீட்டுக்குள்ளயே இதோ வரேங்கன்னு எழுந்து போறாங்க. அந்த ஒரு வசனத்தை எடுத்துடுங்க"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். மேனேஜர்கிட்ட கேட்டேன், எடுத்துடுன்னார். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரைக் கேட்டேன், எடுத்தா நல்லதுதான்னார். கேட்க வேண்டியவங்க எல்லாரையும் கேட்டாச்சுன்னு நான் நினைச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே அந்த வசனத்தை அழிச்சேன்.

இங்கதான் தப்பு. நம்ம ஹால்ல குரல் ஒரு தடத்துல ஓடுது, வாய் இன்னொரு தடத்துல ஓடுது, இது உங்களுக்கே தெரியும். நான் குரலை எடுத்தேன், வாயை மறந்தேன். மறுநாள் காலையில அந்தம்மா அதே நாற்காலியில இருக்காங்க. பெரியவர் வாயைத் திறந்தார். சத்தம் இல்ல. கீழ்த்தாடை மட்டும் தையலு, யாரு வந்திருக்காங்க பாருன்னு ஏறி இறங்குது. தலை திரும்பி அவங்களையே பார்த்து நிக்குது. அந்தம்மா முன்னாடி குனிஞ்சு அந்த வாயையே பார்த்தாங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம் சத்தமா, காது கேட்காதவருக்குச் சொல்ற மாதிரி, "இதோ வரேங்க"ன்னாங்க.

வெளியில வந்து என்கிட்ட, "இன்னைக்கு ரொம்ப மெதுவாக் கூப்பிடுறாரு தம்பி, தொண்டை கட்டியிருக்கு போல"ன்னாங்க. நான் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லல. அன்னைக்குச் சாயங்காலம் வாய்க்குப் போற காத்தை அடைச்சேன். மறுநாள் பெரியவர் வாயை மூடிக்கிட்டுத் தலையை மட்டும் திருப்பி அவங்களைப் பார்த்தார். அதுக்கும் அவங்க ரெண்டு காட்சி உட்கார்ந்திருந்தாங்க, பதில் சொல்லல. மூணாம் நாள் கழுத்தையும் நிறுத்திட்டேன். அன்னைக்கு முதல் காட்சி முடியுறதுக்கு முன்னாடியே எழுந்துட்டாங்க. வாசல்ல என்கிட்ட, "கோவமா இருக்காரு. நான் வரல"ன்னு சொல்லிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாங்க. அதோட வரல. அன்னையிலேர்ந்து பெரியவர் ஊமையாத்தான் உட்கார்ந்திருக்கார்.

முதல்ல குரல், அப்புறம் முகம், அப்புறம் கழுத்து. அந்த மனுஷருக்கு மூணு நாள்ல நான் செஞ்சதைத்தான் இப்போ எனக்கு இந்த நோய் நிதானமாச் செய்யுது. வரிசைகூட மாறல. நான் கோயிலுக்குப் போறவன், இதையெல்லாம் தண்டனைன்னு எடுத்துக்காதேன்னு எங்க சாமியார் சொல்றார். நான் எடுத்துக்கல. ஆனா கண்ணாடி முன்னாடி சவரம் பண்ணும்போது சில நாள் எதிர்ல இருக்கிறது யாருன்னு ஒரு நிமிஷம் தடுமாறுது. அப்போ பிளேடைக் கீழ வச்சுடுவேன்.

சரி. நீங்க வந்துட்டுப் போன மறுநாள் என் வீட்டுக்காரிகிட்ட, "திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் போகணும்"னேன். ஏன்னு கேட்கல. மச்சான் காரை வரச் சொன்னா. வழி பூரா நடவு நடந்துக்கிட்டிருந்துச்சு. அந்தம்மா உயிரோட இருக்காங்களான்னுகூட எனக்குத் தெரியாது. இருந்தாங்க. எண்பதைத் தாண்டியிருக்கும், மகன் வீட்டுக் கூடத்துல நாற்காலியில உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும், "பொம்மைக்காரத் தம்பியா? என்ன, நீங்களே இப்படி ஆயிட்டீங்க"ன்னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. முகத்துல அது வந்துச்சான்னு தெரியல.

நான் நேரா விஷயத்துக்குப் போனேன். அந்த வசனத்தை எடுத்தது நான்தான், உங்க மகன் கேட்டார், மேனேஜரும் சரின்னார், உங்களுக்கு உடம்பு கெட்டுப்போகுதுன்னு எடுத்தேன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொல்ல முடிஞ்சுது. புரியாத இடத்துல என் வீட்டுக்காரி என் வாயைப் பார்த்து அவங்களுக்குத் திருப்பிச் சொன்னா.

அந்தம்மா கீரையை விட்டுட்டுக் கையைத் துடைச்சாங்க. "அது பொம்மைன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

"பதில் சொன்னீங்களேம்மா."

"கூப்பிட்டா பதில் சொல்லாம இருக்கிறதா? இங்க பாருங்க. இந்த வீட்டுல நான் அம்மா. பேரப்பிள்ளைங்களுக்கு அப்பாயி. தெருவுல பெரியத்தை. ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பரைக் கூப்பிடுறாங்க. என் பேரைச் சொல்லிக் கூப்பிட இருந்தது ஒரே ஆளு. அவரு போனதோட என் பேரும் போச்சுன்னு இருந்தேன். அப்புறம் ஒருத்தர் வந்து, பார்க்குல ஒரு பொம்மை தையலு தையலுன்னு கூப்பிடுதுன்னு சொன்னாங்க. பஸ் ஏறி வந்தேன்."

"கேட்க நல்லா இருந்துச்சா?"

"நல்லா எங்க இருந்துச்சு, வலிச்சுது. வலிக்குதுன்னு வராம இருந்துடுவாங்களா?" கீரைத் தட்டை ஓரமாத் தள்ளி வச்சாங்க. "என் மகன் பேச்சைக் கேட்டீங்க. ஆபீஸைக் கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல தம்பி. எடுக்கட்டுமாம்மான்னு கேட்டிருந்தா நானே ஒருநாள் கேட்டுட்டுப் போதும்னு சொல்லியிருப்பேன். கோவத்தோட போயிட்டாருன்னு இத்தனை வருஷம் இருந்திருக்கமாட்டேன்."

நான் அழுதேன். இந்த முகத்துல அழுகை தெரியாது, தண்ணி மட்டும் இறங்கும். அந்தக் குரல் இன்னும் இருக்கான்னு கேட்டாங்க. இல்லம்மா, அழிச்சதுதான், வேற பிரதி எடுத்து வைக்கலன்னு சொன்னேன். சரின்னாங்க. காபி போட்டுக் கொடுக்கச் சொன்னாங்க, நான் டம்ளரைப் பிடிக்க முடியாம ஆட்டுறதைப் பார்த்துட்டு அவங்களே எழுந்து வந்து அடியில கையைக் கொடுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் எடுக்கல.

இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கணும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா? சொல்லிடறேன், கிழவனுக்கு அதுதானே வேலை. நெருக்கடின்னு வந்தா நாம எல்லாரையும் கேட்போம், பாதிக்கப்படுற அந்த ஒரு ஆளைத் தவிர. பரிதாபப்பட்டே அவங்களைத் தாண்டிப் போயிடுவோம். அப்புறம் இன்னொண்ணு. ஒரு அசைவை நிறுத்தப் போறீங்கன்னா, பார்க்கிறவங்களுக்கு அது எப்படித் தெரியும்னு அவங்க நாற்காலியில உட்கார்ந்து ஒரு தடவை பாருங்க. நான் வால்வு பக்கம் நின்னு பார்த்தேன், அதான் வினை.

கார்ல திரும்பி வரும்போது என் வீட்டுக்காரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டிருந்தா. நான் கேட்டேன். நீங்க கேட்டதை, குரல் கொடுக்கட்டுமா வேண்டாமான்னு. நான் முதல்லயே வேண்டாம்னு மனசுல முடிவு பண்ணி வச்சிருந்தேன். அவளுக்கு அப்படி ஒரு கதி வரக்கூடாதுன்னு. ஆனா அதையும் அவளைக் கேட்காமத்தான் முடிவு பண்ணியிருந்தேன், புத்தி போறதில்ல பாருங்க.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க வீடு முன்னாடி கூட்டுக் குடும்பம், அப்பா அம்மா முன்னாடி சம்சாரத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூச்சம், ஏம்மான்னு ஆரம்பிச்சேன், மகன் பொறந்ததும் பையன் அம்மான்னு ஆச்சு. நாப்பத்தொரு வருஷமா அப்படியே போச்சு. அவ பேரு சகாயமேரி. அது என் வாயில கிடந்ததே இல்ல. தையல்நாயகியம்மா பேசினதை அவ எப்படிக் கேட்டிருப்பான்னு அப்போதான் எனக்கு உறைச்சுது.

ஊர் வரப்போகும்போது சொன்னா. "கொடுங்க. உங்களுக்கு ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியும். வாங்கன்னு சொல்லுங்க, உட்காருங்கன்னு சொல்லுங்க, தண்ணி குடிங்கன்னு சொல்லுங்க, வர்றவங்க எல்லாருக்கும் பொதுவா. என் பேரை மட்டும் அங்க கொண்டுபோய் வச்சுட்டு வந்துடாதீங்க. அதை இங்க சொல்லுங்க. குரல் இருக்கிற வரைக்கும், தினம்."

அதனால செவ்வாய்க்கிழமை வாங்க. காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க, அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மணி நேரம் குரல் கொஞ்சம் எழும்பும். முகத்தை அச்சு எடுக்க வேண்டாம், அது இப்போ என் முகம் இல்ல. வசனத்தை நான் எழுதித் தர்றேன், அதுல யார் பேரும் இருக்காது. நீங்களும் சேர்க்காதீங்க. வாயும் குரலும் ஒண்ணாப் போகுதான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாருங்க.

இன்னைக்குக் காலையில அவ அடுப்படியில இருந்தா. நான் கூடத்துல உட்கார்ந்துக்கிட்டு, "சகாயம்"னேன். மிக்சி ஓடுது, கேட்கல. எனக்கே வெட்கமா இருந்துச்சு, இந்த வயசுல. மிக்சி நிக்கட்டும்னு காத்திருந்து, மூச்சை நல்லா இழுத்து, இன்னொரு தடவை கூப்பிட்டேன். அடுப்பை அணைக்கிற சத்தம் வந்துச்சு. அப்புறம் அவ, "இன்னொரு வாட்டி சொல்லுங்க, சரியாக் கேட்கல"ன்னா. கேட்டிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். சொன்னேன்.